பதினாறு யானைகள் இழுத்தும் நகராத பீரங்கி

குளச்சலிலிருந்து தக்கலைக்குப் போய் நாகர்கோவில் சாலையில் திரும்பினால், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை வரும். 1741-இல் குளச்சல் கரையில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய், பிற்பாடு அதே மன்னரின் தளபதியாகி, இந்தக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் பட்டறை நடத்தினார். 1777-இல் இறந்த அவருடைய கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. இந்தப் பட்டறையில் வார்த்த பித்தளைப் பீரங்கி ஒன்றைப் பற்றித் திருவிதாங்கூரின் பழைய பதிவுகளில் ஒரு குறிப்பு உண்டு. 16 அடி நீளம். 19-ஆம் நூற்றாண்டில் அதைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். 16 யானைகளைக் கட்டினார்கள். பாரம் நகர்த்தும் பொறிகளையும் வைத்தார்கள். ஆட்களுக்கும் குறைவில்லை. சில நூறு கஜ தூரம்கூட அது போகவில்லை.

அடிக்கு ஒரு யானை. சிறுவயதில் இதைக் கேட்டபோது பீரங்கியின் கனத்தை நினைத்து வாய் பிளந்தேன். இப்போது கேட்டால் யானைகளின் பக்கம்தான் மனம் போகிறது. அத்தனை யானை நின்ற இடத்தில் இழுவைக்குப் பஞ்சமே இருந்திருக்காது. அப்படியானால் குறைந்தது எது? பீரங்கிக்குக் கீழே இருந்த தரை இடம் கொடுத்திருக்காது என்பது என் ஊகம். பெரிய பாரம் எதையும் நகர்த்துகிறவர்கள் முதலில் பயப்படுவது அதற்குத்தான். அந்தப் பயத்தின் பின்னால் உள்ள அறிவியலை எனக்கு முதலில் கற்றுத் தந்தவை எங்கள் குளச்சல் கடற்கரையும், ஒரு பழைய லாரி ஓட்டுநரும்.

கடற்கரையில் இரண்டு வகைப் பாரங்களைப் பார்த்து வளர்ந்தோம். ஒன்று கட்டுமரம். கடலிலிருந்து கரையேறியதும் கயிற்றை அவிழ்ப்பார்கள். மரங்கள் தனித்தனியாகப் பிரியும். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தோளில் வைத்துக்கொண்டு மணலில் ஏறிவிடுவார்கள். மற்றது வள்ளம். அதை அவிழ்க்க முடியாது. எனவே ஊரையே கூப்பிட வேண்டும். இருபது பேர், முப்பது பேர் தோள் கொடுத்து, ஒரே குரலில் மூச்சுப் பிடித்து ஏற்றுவார்கள். பாரத்தை அவிழ்க்க முடிந்தால் அவிழ். முடியாவிட்டால் தோளைக் கூட்டு. இன்று உலகின் மிகப் பெரிய டிரெய்லர்கள் செய்வதும் இந்த இரண்டாவது வேலையைத்தான்.

எங்கள் தெருவில் ஒரு மாமா நீண்ட காலம் லாரி ஓட்டினார். பார்கோ, பெட்போர்டு, மூக்கு நீண்ட பென்ஸ், லைலாண்டு என்று அவர் கைபடாத வண்டி இல்லை. டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸோடு 1954-இல் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. 1969-இல் அந்தக் கூட்டு முடிந்தது. ஆனால் எங்கள் பக்கத்து ஓட்டுநர்களின் வாயில் அந்த லாரி அதற்குப் பின்னும் வெகுகாலம் ‘பென்ஸ்’தான். எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலை, தன் பெரிய வண்டிகளுக்கு விலங்குப் பெயர்களாக வைத்தது. பீவர், ஹிப்போ, ரைனோ, டஸ்கர். டஸ்கர் என்றால் கொம்பன் யானை. மாமா அந்தப் பெயர்களைச் சொல்லும்போது வீட்டு மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கும்.

எண்பதுகளில் ஒரு ராத்திரி அவர் என்னைத் தக்கலைக்கு அழைத்துப் போனார். பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்று சாலையில் வருவதாகச் செய்தி. கடைகள் அடைத்த பிறகும் ஊர் விழித்திருந்தது. முதலில் சிவப்புக் கொடியோடு ஆட்கள் வந்தார்கள். பிறகு நீண்ட மூங்கில் கழிகளோடு சிலர், குறுக்கே போன மின்கம்பிகளைத் தூக்கிப் பிடிக்க. அதற்குப் பின்னால் முதுகில் கான்கிரீட் கட்டி சுமந்த ஒரு லாரி, நடக்கிற வேகத்தில் உறுமிக்கொண்டு வந்தது. அது இழுத்த நீண்ட டிரெய்லரில், சாம்பல் நிற வீடு போல டிரான்ஸ்பார்மர். இத்தகைய டிரான்ஸ்பார்மர்களின் எண்ணெயை வடித்து எடையைக் குறைத்துத்தான் ஏற்றுவார்கள். உள்ளே ஈரம் புகாதபடி உலர்ந்த காற்றையோ நைட்ரஜனையோ நிரப்பியிருப்பார்கள். டிரெய்லரின் இருபுறமும் கையில் மரக்கட்டையோடு ஆட்கள் நடந்தார்கள். வண்டி நின்றால் சக்கரத்தின் அடியில் வைக்க.

நான் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா என் தலையைப் பிடித்துத் திருப்பினார்.

“லே மக்கா, எஞ்சின நோக்காத. டயர எண்ணு.”

எண்ணிக்கொண்டே ஓடினேன். நாற்பதைத் தாண்டியதும் கணக்குத் தப்பியது. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று பள்ளியில் இயற்பியல் படித்த பிறகுதான் விளங்கியது.

இழுப்பதை முதலில் பார்த்துவிடலாம். அது நாம் நினைப்பதைவிடச் சுலபம். நல்ல தார்ச்சாலையில், சமதளத்தில், ரப்பர் சக்கரத்தில் ஏற்றிய பாரத்தை உருட்டிக்கொண்டிருக்க, அதன் எடையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு விசை போதும். 100 டன் பாரத்துக்கு 1 டன் இழுப்பு. மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது மனிதர் நடக்கும் வேகத்தில் அதை இழுத்துப்போக எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்குப் போட்டால், கியரில் வீணாவதைத் தள்ளிவிட்டால், சுமார் 18 குதிரைத்திறன் வருகிறது. பழைய 350 சிசி புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் சக்தி அதுதான். சமதளத்தில், நடை வேகத்தில், 100 டன்னுக்கு ஒரு புல்லட் எஞ்சின் போதும்! நானே பலமுறை கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. பிரிட்டனில் ஸ்கேமல் நிறுவனம் 1929-இல் 100 டன் பாரம் சுமக்கும் லாரியைக் கட்டியது. அந்த வகையில் மொத்தம் செய்ததே இரண்டு வண்டிகள்தான். எஞ்சின் சுமார் 80 குதிரைத்திறன். இன்று நம் தெருவில் நிற்கும் சிறிய குடும்பக் காருக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். சைக்கிளைப் போலச் சங்கிலியால் பின் சக்கரங்களைச் சுழற்றிய அந்த லாரி, ரயில் எஞ்சின்களை முதுகில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிற்று. வண்டி அவ்வளவு நீளம் என்பதால், பின்பக்கச் சக்கரங்களைத் திருப்பப் பின்னாலேயே தனியாக ஒருவர் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டில் ஒன்றை, லேலண்ட் என்ற ஊரின் வாகன அருங்காட்சியகத்தில் பாதுகாக்கிறார்கள். நம் லைலாண்டு லாரிக்குப் பெயர் தந்த ஊர் அது.

ஏற்றம் வந்தால் கணக்கு தலைகீழாகும். 30 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றம் நடந்து போகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் 100 டன் வண்டிக்கு அது இன்னும் மூன்றேகால் டன்னுக்குச் சற்று மேல் இழுப்பைக் கேட்கும். மொத்தம் நாலு மடங்குக்கு மேல். அப்போது எஞ்சின் ஈடுகொடுத்தாலும் டயர் ஈடுகொடுக்காமல் வழுக்கலாம். சக்கரம் தரையைப் பிடிக்கும் பிடி, அதன்மேல் அழுத்தும் எடையைப் பொறுத்தது. அந்த ராத்திரி லாரி முதுகில் கான்கிரீட் கட்டி சுமந்தது இதற்காகத்தான். இழுக்கிறவன் லேசாக இருந்தால் காலடி நிற்காது. தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது தெரியும்.

இனி தாங்குவது. சிரமம் எல்லாம் இங்கேதான். பாரம் ஏற்றிய லாரியின் டயர் ஒன்று தரையைத் தொடும் இடம் எவ்வளவு பெரியது? ஏறக்குறைய ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தின் அட்டை அளவு. அந்த அட்டையளவு தாருக்கும், அதற்குக் கீழே உள்ள ஜல்லிக்கும் செம்மண்ணுக்கும்தான் இரண்டரை டன், மூன்று டன் போய்ச் சேர்கிறது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, 1958 முதல் 1960 வரை, சோதனைக்கென்றே சாலைகளைப் போட்டு அவற்றில் லாரிகளை இரவும் பகலும் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே கிடைத்த முடிவைத்தான் இன்றும் உலகெங்கும் சாலைப் பொறியாளர்கள் கையாள்கிறார்கள்: ஒரு அச்சின் மேல் வரும் எடை இரு மடங்கானால், சாலைக்கு நேரும் சேதம் இரு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய 16 மடங்கு ஆகிறது. மூன்று மடங்கானால் 81 மடங்கு. சாலை வண்டியின் மொத்த எடையைப் பார்ப்பதில்லை. அச்சுக்கு எவ்வளவு என்றுதான் பார்க்கிறது.

மயில்தோகையே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் 475-ஆம் குறளில் சொன்னார். வலியறிதல் பற்றிய அறிவுரையாகவே அதைப் படித்திருக்கிறோம். பாரவண்டியின் பொறியியலாகப் படித்தாலும் அது துல்லியம். முறிவது அச்சு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தியாவில் 2018-இல் திருத்திய விதிப்படி, நாலு டயர் கொண்ட ஒற்றை அச்சு 11.5 டன் சுமக்கலாம். டயருக்கு ஏறக்குறைய 2.9 டன். ஊருக்குள் ஜல்லியும் மணலும் கொண்டுவரும் லாரியின் பின் அச்சு இதுதான். பெரிய பாரங்களுக்கான ஹைட்ராலிக் டிரெய்லரில் ஒரு வரிசைக்கு எட்டு டயர்; அந்த வரிசை சுமக்கலாம் என்று விதி அனுமதிப்பது 18 டன். டயருக்கு 2.25 டன். பார்த்ததும் ஊரே பயந்து ஒதுங்கும் அந்த ராட்சத வண்டியின் ஒவ்வொரு டயரும், நாம் திரும்பிக்கூடப் பார்க்காத ஜல்லி லாரியின் டயரைவிடக் குறைவாகவே சாலையை அழுத்துகிறது. சட்டப்படி ஏற்றிய ஜல்லி லாரியை வைத்துச் சொல்கிறேன். அளவுக்கு மேல் ஏற்றியதன் கதை வேறு, அது நம் சாலைகளின் முகத்தில் எழுதியிருக்கிறது.

ஆனால் டயரைக் கூட்டிவிட்டால் மட்டும் போதுமா? மறுபடியும் வள்ளத்துக்கு வாருங்கள். முப்பது பேர் தோள் கொடுக்கிறார்கள். எல்லாரும் ஒரே உயரமா? நெட்டையான நாலு பேர் தோளில் கனம் இறங்கும். குட்டையானவர் கையால் தொட்டுக்கொண்டு கூட நடப்பார். மணலில் ஒரு பள்ளம் வந்தால் அதில் கால் வைத்தவரின் பங்கு சட்டென்று அடுத்தவர் மேல் விழும். அதற்காகக் குட்டையானவர் தோளில் சும்மாடு வைத்துக்கொள்வார். டிரெய்லருக்கும் இதே சிக்கல்தான். நம் சாலை சமமாக இல்லை. நூறு டயர் இருந்தாலும், ஒரு மேட்டில் ஏறும் நாலு டயர் மட்டும் பாரம் முழுவதையும் வாங்கினால் டயர் வெடிக்கும், அச்சு முறியும்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் தானாகவே தடிமன் மாற்றிக்கொள்ளும் ஒரு சும்மாடு வேண்டும். அதை எண்ணெயால் செய்தார்கள். 1950-களில் ஜெர்மனியின் வில்லி ஷாயர்லே, அச்சுகளை ஹைட்ராலிக் உருளைகளில் தொங்கவிடும் முறையை உருவாக்கினார். மூடிய கலனில் உள்ள திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால் அழுத்தம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். டிரெய்லரில் உருளைகளை எல்லாம் குழாயால் இணைத்துவிட்டால், மேட்டில் ஏறும் சக்கரத்தின் உருளையிலிருந்து எண்ணெய் வெளியேறி, பள்ளத்தில் இறங்கும் சக்கரத்தின் உருளைக்குப் போகும். ஒன்று மடங்கும், ஒன்று நீளும். எண்ணெயின் அழுத்தம் எல்லா உருளையிலும் ஒன்றே என்பதால், எந்தச் சக்கரமும் தன் பங்குக்கு மேல் சுமக்காது, தன் பங்கைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. நெட்டையும் குட்டையும் ஒரே அளவு சுமக்கும் வள்ளம் அது.

ஒரு நுட்பம் பாக்கி இருக்கிறது. எல்லா உருளைகளையும் ஒரே குழாயில் இணைத்தால் பாரம் ஒரு பக்கம் சரியும்போது எண்ணெயும் அந்தப் பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடி, வண்டியே கவிழும். எனவே சக்கரங்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனி எண்ணெய் ஓட்டம் கொடுப்பார்கள். நூறு சக்கர வண்டி அப்போது மூன்று காலில் நிற்கும். நாலு கால் நாற்காலி மேடுபள்ளத்தில் ஆடும்; முக்காலி ஆடாது. மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டிய பாட்டிமாருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தேர் என்னும் பாரத்தை நாம் எத்தனை நூற்றாண்டாக இழுக்கிறோம்! சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆயிரம் கைகள் வடத்தில் இருந்தாலும், தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தின் அடியில் கட்டை போடுகிற சிலரின் கையில்தான். உயிரைப் பணயம் வைக்கும் வேலை அது. சுமார் 300 டன் என்று சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது. எண்ணெயின் அதே விதி அங்கே தேரை நிறுத்துகிறது.

தமிழ்நாட்டுச் சாலைகள் அண்மைக் காலத்தில் கண்ட மிகப் பெரிய பாரங்களில் ஒன்று, வந்தவாசிக்கு அருகே கொரக்கோட்டை மலையில் வெட்டிய கல். பெங்களூரு ஈஜிபுராவில் நிறுவவிருந்த விஷ்ணு சிலைக்காக, 64 அடி நீளமும் 26 அடி அகலமும் கொண்ட ஒற்றைக் கல்லை எடுத்தார்கள். எடை 300 டன்னுக்கு மேல். 240 சக்கரம் கொண்ட வண்டியில் அது 2018 இறுதியில் புறப்பட்டது. சாதாரண லாரி ஒரே பகலில் ஓடிவிடும் தூரம்தான். பெங்களூரு போய்ச் சேர 2019 ஜூன் ஆயிற்று. வழியில் டயர்கள் வெடித்தன. ஊர்களுக்குள் திருப்பம் போதாமல் கடைகளின் முகப்பையும் வீடுகளின் சுவரையும் இடித்து வழி விட்டார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தென்பெண்ணைப் பாலத்தின் மேல் போக முடியாது என்று ஆற்றுக்குள் மண்பாதை போட்டார்கள். மழை வந்து அதை அடித்துக்கொண்டு போயிற்று. பார்க்க வந்த கூட்டத்தையும் சொல்ல வேண்டும். தேங்காய் உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள். சாலை நடுவே மாதக்கணக்கில் நின்ற அந்த வண்டி தேராகவே ஆகிவிட்டது.

இதற்கு நேர் எதிரான கதை கன்னியாகுமரிப் பாறையில் நிற்கிறது. 133 அடி வள்ளுவர் சிலையின் எடை சுமார் 7000 டன். விஷ்ணு சிலைக் கல்லைப் போலப் பல மடங்கு. ஆனால் ஸ்தபதி கணபதி அதை 3681 கற்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கல்லும் லாரியில் ஏறி, மிதவையில் ஏறிக் கடல் கடந்து, பாறையில் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. 2000 ஜனவரி 1-இல் திறந்தார்கள். வீடு இடிபடவில்லை, பாலம் அஞ்சவில்லை. ஒற்றைக் கல்லுக்கு ஒரு கம்பீரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு மனசு நிறைவது இந்தக் கட்டுமர வழியில்தான்.

பாலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சாலை அச்சுக்கணக்குப் பார்க்கும் என்றேன். பாலம் மொத்தக் கணக்கும் பார்க்கும். அதன் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரே நேரத்தில் எவ்வளவு எடை நிற்கிறது என்பதே கேள்வி. பாரவண்டியை நீளமாகக் கட்டுவதற்கு இதுவும் காரணம்: ஒரு பகுதி பாலத்தில் இருக்கும்போது இன்னொரு பகுதி வெளியே இருக்கும். பாலம் கட்டுவதற்கான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிநூல், 385 டன் எடையுள்ள சிறப்பு வண்டி ஒன்றைக் கணக்கில் கொள்கிறது. அது பாலத்தின் மேல் மணிக்கு 5 கிலோமீட்டருக்குக் கீழே, நடுக்கோட்டை ஒட்டி, வேறு வண்டி எதுவும் இல்லாத நேரத்தில் போக வேண்டும். நடுவில் போனால் பாலத்தின் உத்தரங்கள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். மெதுவாகப் போனால் குலுக்கல் இருக்காது. தோள் கொடுக்கும் வேலையில் பாலத்துக்கும் பங்கு உண்டு.

எங்கள் மாவட்டத்துக்குத் தினசரிப் பழக்கமான பெரும்பாரம் கனமானது அல்ல, நீளமானது. ஆரல்வாய்மொழி வழியாக வரும் காற்றாடி இறக்கைகள். மலை விலகி வழி விட்ட அந்தக் கணவாயில்தான் தென்மேற்குக் காற்று பாய்ந்து போகிறது. சாலையும் ரயிலும் போவதும் அதிலேதான். எனவே காற்று போகும் வழியிலேயே காற்றாடியும் வந்து சேர்ந்தது. எண்பதுகளின் 55 கிலோவாட் காற்றாடிக்கு இறக்கை ஏழெட்டு மீட்டர். எந்த லாரியிலும் ஏறும். அடுத்து வந்த 225 கிலோவாட் காற்றாடிக்கு 13 மீட்டர். கொஞ்சம் பின்னால் நீட்டிக்கொண்டு, சிவப்புத் துணி கட்டிப் போயிற்று. இன்று 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாடியின் இறக்கை 60 மீட்டரை நெருங்குகிறது. இறக்கையின் நீளம் இரு மடங்கானால் அது துழாவும் வட்டத்தின் பரப்பு நாலு மடங்காகும். பிடிபடும் காற்றும் அப்படியே. நீளும் ஆசை அதனால்தான் அடங்குவதில்லை. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 81.5 மீட்டர் இறக்கைகளையே கப்பலேற்றியிருக்கிறார்கள்.

நீண்ட வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வராது, உள்பக்கமாக வெட்டும். பஸ் திரும்பும்போது ஓரத்தில் நிற்பவர்கள் பின்னால் நகர்வது இதனால்தான். வண்டி நீள நீள இந்த வெட்டு அதிகமாகும். 60 மீட்டர் இறக்கையைச் சுமக்கும் டிரெய்லரின் பின் சக்கரங்கள் தானே திரும்பாவிட்டால், முனைக் கடை எதுவும் மிஞ்சாது. ஆகவே பின்னால் ஒருவர் நடந்தபடியே அந்தச் சக்கரங்களைத் திருப்புகிறார். 1929 ஸ்கேமலின் பின்னால் உட்கார்ந்திருந்தவர், கையில் ரிமோட்டோடு இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார், அவ்வளவுதான்.

கனமும் நீளமும் போக மூன்றாவது ஒன்று உண்டு: பருமன். திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு ஒரு ஆட்டோகிளேவ் வந்தது. ராக்கெட்டின் இலகுவான உறுப்புகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பக்குவப்படுத்தும் பிரமாண்ட பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். எடை 70 டன்தான். ஆனால் வண்டியோடு சேர்த்து ஏழரை மீட்டர் உயரம், ஆறரை மீட்டருக்கு மேல் அகலம். நம் இருவழிச் சாலையின் தார்ப்பரப்பே 7 மீட்டர். அது போனால் வேறு எதுவும் போக முடியாது. 74 சக்கர வண்டியில் மகாராஷ்டிரத்திலிருந்து 2019 ஜூலை 8-இல் கிளம்பி, திருவனந்தபுரம் சேர்ந்தது 2020 ஜூலை 19-இல். வழியெல்லாம் மின்கம்பிகளை இறக்கி, மரக்கிளைகளை வெட்டி, குழிகளை மூடிக்கொண்டே வந்தார்கள். நடுவில் கொரோனா ஊரடங்கு வேறு. ஓராண்டுக்கு மேல் ஒரே பாரத்தோடு சாலையில் குடித்தனம் நடத்திய அந்தப் பணியாளர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. பெரிய பாரத்தை இவர்கள்தான் நகர்த்துகிறார்கள். கழி பிடிக்கிறவர், கட்டை வைக்கிறவர், முன்னால் போய்ப் பாலத்தை அளக்கிறவர்.

சாலையால் முடியவே முடியாதபோது கடலிடம் போக வேண்டும். கூடங்குளம் அணு உலையின் 300 டன்னுக்கு மேற்பட்ட கலன்கள் ரஷ்யாவிலிருந்து கப்பலில் வந்து, மிதவையில் மாறி, கூடங்குளத்தின் சொந்தத் துறையிலேயே இறங்கின. தண்ணீருக்குத் தோள் கணக்கே கிடையாது. இடம் பெயர்ந்த நீரின் எடை அளவுக்கு அது ஏந்திக்கொள்ளும். ஆனால் கடலுக்கும் தன் சுபாவம் உண்டு. 2023 செப்டம்பரில் நீராவிக் கலன்கள் இரண்டை ஏற்றிவந்த மிதவை, இழுத்த கயிறு அறுந்து, கூடங்குளம் கரையருகே பாறைகளில் தட்டி நின்றது. அங்கே அறுந்தது இழுவை. பாரத்தைத் தாங்கி நின்றது மிதவைதான்.

மாமா இப்போது இல்லை. அவர் ஓட்டிய லாரிகளும் இல்லை. உடைத்து எடைக்குப் போயிருக்கும். ஸ்கேமலை ஓர் அருங்காட்சியகம் காத்துவைத்திருக்கிறது. கோவையில் பழைய கார்களுக்கு ஒரு நல்ல அருங்காட்சியகம் உண்டு. நம் பார லாரிகளின் நினைவு இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அவற்றை ஓட்டியவர்களிடம்தான். வள்ளுவருக்குக் கல் கொண்டுவந்தவர்களும், ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தலுக்கு முதல் காற்றாடிகளை ஏற்றிவந்தவர்களும் இன்று தாத்தாக்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே போய் உட்காருங்கள். என்ன வண்டி, எந்த வழி, எந்தப் பாலத்தில் பயந்தார், எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுத் தேதியோடு எழுதிவையுங்கள். எத்தனை டயர் என்று கேட்க மறக்காதீர்கள்.